கட்டிப்போட்ட காற்று

துரைப்பாண்டிக்குக் கோபம் வராத நாள் என்று ஒன்று இருந்திருந்தால், கரிவலம்வந்தநல்லூர் வட்டாரத்தில் அதைக் காலண்டரில் சிவப்பு மையில் அச்சடித்திருப்பார்கள். அப்படி ஒரு தேதி இல்லை. காலையில் கண் விழித்ததும் அவன் செய்கிற முதல் வேலை மேற்கே பார்த்து வைவதுதான். மேற்கே மலை. மலையில் ஒரு கணவாய். அந்தக் கணவாய் வழியாக வைகாசியில் ஒரு காற்று புறப்படும். வழியில் எந்த ஊரிலும் தங்காது, யாரிடமும் விலாசம் கேட்காது. நேரே வந்து துரைப்பாண்டியின் எட்டு ஏக்கர் மொட்டைப் பொட்டலில் இறங்கி ஆவணி வரைக்கும் விருந்தாடும்.

அது சாதாரணக் காற்று இல்லை. ஒரு வருடம் அவன் பொட்டலில் விதைத்த சோளம் இருபது மைல் தள்ளி இளையரசனேந்தலில் எவனோ ஒருவன் புஞ்சையில் முளைத்தது. துரைப்பாண்டி அங்கே நடந்தே போய்ப் பங்கு கேட்டுச் சண்டை போட்டுவிட்டு வந்தான். அவன் வெள்ளாடுகளுக்குத் தாடி கிழக்கே பார்த்தே வளர்ந்தது. மேற்கே போக நினைத்த காக்கை ஒன்று மூன்று நாள் சிறகடித்தும் ஓரடி நகரமுடியாமல், கடைசியில் அந்தரத்திலேயே முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

வைகாசி பிறந்துவிட்டால் அங்கே எதையும் கட்டிப்போட்டுத்தான் புழங்குவது. கூரைக்கு மேல் கல், கல்லுக்கு மேல் பனைமட்டை, மட்டைக்கு மேல் கயிறு. கோழிக்குக் காலில் கயிறு, குடத்துக்குக் கழுத்தில் கயிறு. அவன் பெண்டாட்டி வள்ளித்தாய் சோறு போட்டால் வட்டிலை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறு கையால் தின்ன வேண்டும். அசந்தால் சோறு பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

காற்றை வைது முடித்ததும் அடுத்து அண்ணன் பரமசிவனை வைவான். அய்யா செத்துப் பாகம் பிரித்தபோது, குளத்தடி வயலைத் தனக்கு எழுதிக்கொண்டு பொட்டலைத் தம்பி தலையில் கட்டியவர் அவர்தான். கட்டியதோடு விட்டாரா? பத்திரத்தில் போட்ட கையெழுத்தின் ஈரம் காயுமுன், "உனக்குத்தாம்லே எப்பவும் வேர்த்து ஊத்தும். நல்ல காத்தோட்டமான இடமாப் பாத்துக் குடுத்திருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு அறுந்த பேச்சு பதினெட்டு வருடமாக ஒட்டவில்லை. ஆனால் சண்டை போடாமல் இருக்க முடியுமா? பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் தங்கப்பழம்தான் நடுவில் தபால் ஆபீஸ். அண்ணன் தம்பி இருவரும் அவனைப் பார்த்தே ஒருவரையொருவர் வைதுகொள்வார்கள். பதினெட்டு வருடமாக அத்தனை வசவும் தன் முகத்தில் பட்டுப் பட்டுத்தான் தனக்கு வழுக்கை விழுந்தது என்று தங்கப்பழம் சொல்வான்.

எண்பத்தாறாம் வருடம் தை மாதம் டீக்கடை முன்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து ஹபீப் முகம்மது இறங்கினார். கடையநல்லூர்க்காரர், முப்பது வயது நிரம்பாத சர்க்கார் இன்ஜினியர். காற்றில் கரண்டு எடுக்கிற காற்றாடிகளை நட இடம் பார்க்க வந்திருக்கிறோம் என்றார். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். துரைப்பாண்டி சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "காத்துக்கா? காத்துக்கா இடம் பாக்கிய?" என்று இரண்டு தரம் கேட்டான்.

"ஆமா அண்ணாச்சி. ரெண்டு இடத்துல கம்பம் நட்டுக் கருவி வைக்கப் போறோம். உங்க பொட்டல்ல ஒண்ணு, குளத்தடியில ஒண்ணு. எங்க காத்து ஜாஸ்தின்னு கருவி சொல்லுதோ, அங்க காத்தாடி வரும். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கிடுவோம். காவலுக்கும் அந்த வீட்டு ஆளுதான்."

குளத்தடி என்றால் பரமசிவன். பஸ் நிறுத்தத்தை ஒட்டி, ஜீப் போக ரோடு இருக்கிற இடம் என்று மேலதிகாரி யாரோ வரைபடத்தில் குறித்துக் கொடுத்திருந்தார்.

துரைப்பாண்டி தங்கப்பழத்தைப் பார்த்துக் கத்தினான். "ஏ தங்கப்பழம்! குளத்தடியில காத்தாம்லா! அங்கன பீடிப் புகை கூட நேராப் போவும்வே!"

எதிர் பெஞ்சில் இருந்த பரமசிவனும் தங்கப்பழத்தைத்தான் பார்த்தார். "தங்கப்பழம், கருவி சொல்லும்னு ஆபீசரே சொல்லுதாரு. கண்டவன் சொல்லுதது எதுக்கு?"

அன்று ராத்திரி துரைப்பாண்டிக்குத் தூக்கம் இல்லை. பதினெட்டு வருடமாக எந்தக் காற்றை வைத்துத் தன்னை ஏமாற்றினார்களோ அந்தக் காற்றுக்கே சர்க்கார் இப்போது வந்து நிற்கிறது. இந்தப் பொட்டலில்தான் காற்று என்று முத்திரை குத்தி ஒரு காகிதம் வந்துவிட்டால் போதும். அதை அண்ணன் வீட்டு வாசலில் ஆணியடித்து ஒட்டவேண்டும். குத்தகை, காவல் வேலை எல்லாம் அதற்கப்புறம்தான்.

இரண்டு இடத்திலும் முப்பதடி இரும்புக் கம்பம் நட்டார்கள். உச்சியில் கருவி. மூன்று கிண்ணங்கள் ஒரு குச்சியைச் சுற்றிச் சுழலும். தேங்காய்ச் சிரட்டை போலிருந்ததால் ஊர் அதற்குச் சிரட்டை என்றே பேர் வைத்தது. சுற்றுகிற கணக்கைக் கீழே ஒரு பெட்டிக்குள் எண்கள் காட்டும். தினம் காலை எட்டு மணிக்கு நிலத்துக்காரர் அந்த எண்ணை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வாரம் ஒரு தரம் கார்டில் எழுதி ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். ஹபீப் முகம்மது போகும்போது, "அண்ணாச்சி, வெளிநாட்டுச் சாமான். ஒரு சேதம் வரக்கூடாது. உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் வினையாகிப் போயிற்று.

வைகாசி பிறந்தது. கணவாயிலிருந்து காற்று கிளம்பியது. சிரட்டைகள் சுற்றுகிற வேகத்தில் மூன்றும் ஒன்றாகத் தெரிந்தன. பிறகு ஒன்றுமே தெரியவில்லை. ஊளைச் சத்தம் மட்டும் கேட்டது. துரைப்பாண்டி கீழே நின்று அண்ணாந்து பார்த்தான்.  பொட்டலில் இத்தனை காலம் கட்டாமல் விட்ட எந்தச் சாமான் மிஞ்சியிருக்கிறது? வெளிநாட்டுச் சாமான். நம்பி விட்டுப் போயிருக்கிறார்.

"ஏட்டி, அந்தக் கத்தாழை நார்க் கயித்தை எடு" என்றான் வள்ளித்தாயிடம்.

கயிற்றைப் பல்லில் கவ்வியபடி முப்பதடி ஏறினான். கம்பம் ஆடிய ஆட்டத்தில் ஒரு சமயம் மலை தெரிந்தது, மறு சமயம் கடலே தெரிந்தது என்று பிற்பாடு சொன்னான். சிரட்டை மூன்றையும் சேர்த்து, ஆட்டுக்கடாவைக் கட்டுவதுபோல மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு இறங்கினான். காற்று அடங்குகிற நேரம் பார்த்து ஏறி, 'பாவம், கொஞ்சம் சுத்தட்டும்' என்று அவிழ்த்துவிடுவான். காற்று சீறினால் மறுபடி கயிறு. வைகாசி, ஆனி இரண்டு மாதமும் இப்படித்தான். எண்ணைத் தினம் எழுது என்றார் ஆபீசர், எழுதினான். எண் கூடியாக வேண்டும் என்று அவர் சொல்லவில்லையே. பொட்டலில் காற்று இருப்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும், அதை ஒரு பெட்டி வந்தா சொல்லவேண்டும்?

குளத்தடியில் பரமசிவன் கம்பத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. கம்பத்தைத் தாங்கிய இழுகம்பியில் கன்றுக்குட்டியைக் கட்டிவைத்தார். சிரட்டை அதுபாட்டுக்கு நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆடி முதல் தேதி ஹபீப் முகம்மது வந்தார். தங்கப்பழம் கடையில் வைத்தே பையைத் திறந்தார். ஊரே கூடியிருந்தது.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. உங்க பொட்டல்ல காத்து கம்மி. குளத்தடிதான் ஜாஸ்தி. ஆவணியில ஃபைல் மேல போயிரும்."

துரைப்பாண்டியின் முகம் முதலில் சிவந்தது, பிறகு கறுத்தது. அதற்குப் பிறகு வந்த நிறத்துக்குத் தமிழில் பேர் இல்லை. அவன் போட்ட சத்தத்தில் கடையிலிருந்த பாலெல்லாம் திரைந்து போனது.

"என் பொட்டல்ல காத்து கம்மியா? ஏ இன்ஜினியரு, என் கூரை மூணு தரம் பறந்திருக்கு! என் கோழி இறக்கை விரிக்காமலே பறக்கும்! உம்ம கருவிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"தங்கப்பழம், கருவியை வையாண்டாம்னு சொல்லு. வெளிநாட்டுக் கருவி" என்றார் பரமசிவன், டீயை ஊதியபடி.

"தங்கப்பழம், வெளிநாட்டுக் கருவியைப் பத்திப் பேசுத ஆளு அதுல கன்னுக்குட்டியைக் கட்டி வச்சிருக்காரு, கேளு! நான் எப்படிப் பாத்துக்கிட்டேன்? இந்த ரெண்டு மாசமும் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு முப்பதடி ஏறி ஏறிக் கட்டிப்போட்டேன்! ஒரு சிரட்டை ஒடிஞ்சிருக்கா? ஒரு கீறல் உண்டா?"

ஹபீப் முகம்மதுவின் கையிலிருந்த டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"என்னத்தக் கட்டிப்போட்டீங்க?"

"சிரட்டையைத்தான். காத்து அடிச்சா ஒடிஞ்சு போவாதா?"

"யா அல்லா" என்றார் ஹபீப் முகம்மது. பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். "அண்ணாச்சி... காத்து அடிக்கும்போது கட்டிட்டீங்க. அடிக்காதப்ப அவுத்து விட்டீங்க."

"ஆமா."

"அது சுத்தினாத்தானே அண்ணாச்சி காத்து எவ்வளவுன்னு தெரியும்? அதுக்குத்தானே அதை வச்சதே!"

 பரமசிவன் சிரித்தார். சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்து விழுந்து, தரையில் உருண்டு, குளத்தங்கரை வரைக்கும் போய்த்தான் நின்றார். துரைப்பாண்டிக்குத் தன்னையே அறையவேண்டும் போலிருந்தது. பதினெட்டு வருடமாகக் காற்றை வைது, அது தனக்காகச் சாட்சி சொல்ல வந்த இரண்டே மாதத்தில் அதன் வாயைத் தானே கட்டியிருக்கிறான். அந்தக் கோபத்தை இறக்கி வைக்க இடம் இல்லாமல் கடையின் பந்தக்கால் ஒன்றை உதைத்தான். அது முறிந்தது.

"இன்னொரு தரம் எண்ணும்வே! நான் கட்டாம எழுதுதேன்."

"நீங்க எழுதினா மேல நம்ப மாட்டாங்க அண்ணாச்சி. திடீர்னு எண்ணு நாலு மடங்கு ஏறினா, நிலத்துக்காரன் கையால சுத்திவிட்டான்னுதான் சொல்லுவாங்க." ஹபீப் முகம்மது தாடையைத் தடவினார். கடைசியில் அவர் கண் பரமசிவன் மேல் போய் நின்றது. "ஆடி ஒரு மாசம் தாரேன். ஆனா பொட்டல் எண்ணை இவரு எழுதிக் கையெழுத்துப் போடணும். பொட்டல்ல காத்து இருந்தா நஷ்டம் இவருக்கு. அப்படிப்பட்ட ஆளு எழுதினா எவனும் கேள்வி கேக்க முடியாது. ஒரு நாள் விட்டாலும் மாசம் பூரா தள்ளுபடி."

அண்ணனிடம் நோட்டைக் கொடுப்பதா? துரைப்பாண்டிக்குப் பாம்பிடம் கோழிமுட்டையைக் கொடுப்பதுபோல இருந்தது. ஆனால் வேறு வழியில்லை. நோட்டைத் தங்கப்பழத்திடம் எறிந்தான். தங்கப்பழம் பரமசிவனிடம் கொடுத்தான். பரமசிவன் அதைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார். அந்த ஒற்றல் துரைப்பாண்டிக்குப் பிடிக்கவே இல்லை.

முதல் நாள் குடையோடு வந்தார் பரமசிவன். குடையைக் காற்று வாங்கிக்கொண்டது. இரண்டாம் நாள் துண்டு போனது. மூன்றாம் நாள் வேட்டி போகப் பார்த்தது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். துரைப்பாண்டி ஒரு பாறைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் எழுதுகிற ஒவ்வொரு எண்ணையும் தானும் பார்த்து உரக்க வாசித்தான். ஓர் எண் குறைந்தாலும் கொன்றுவிடுவேன் என்று பக்கத்தில் மேய்ந்த ஆட்டிடம் சொன்னான். பரமசிவனும் அதே ஆட்டிடம், "எண்ணு என்னமோ அதைத்தான் எழுதுவேன். ஆனா மாசம் இன்னும் முடியலைன்னு சொல்லு" என்றார்.

அந்தப் பேச்சுக்கு அர்த்தம் ஆடித்தபசு அன்று தெரிந்தது.

சங்கரன்கோவிலில் கோமதியம்மன் தபசு என்றால் சுற்றுப்பட்டியில் அடுப்பு எரியாது. காலை ஏழரை மணி பஸ்ஸுக்கு ஊரே நின்றது. பஸ் ஏற்கெனவே பிதுங்கி வழிந்தது. கூரைமேல் இருந்தவர்களின் தோள்மேலும் ஆட்கள் இருந்தார்கள். மடிப்புக் கலையாத வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாகப் பரமசிவன் படிக்கட்டில் காலை வைத்தார்.

பொட்டலில் காத்திருந்து பார்த்து, அண்ணன் பஸ்ஸுக்கு நிற்கிறார் என்று வள்ளித்தாய் சொல்லி ஓடிவந்த துரைப்பாண்டி மூச்சிரைக்க நின்றான். "தங்கப்பழம்! எட்டு மணிக்குக் கையெழுத்துப் போடணும்னு சொல்லு!"

"தங்கப்பழம், இன்னைக்குத் தபசு. லீவுன்னு சொல்லு."

"காத்துக்கு ஏதுவே லீவு?" என்று கத்தினான் துரைப்பாண்டி. தங்கப்பழத்தைப் பார்த்து இல்லை. நேராக அண்ணன் முகத்தைப் பார்த்து. கத்திய வேகத்திலேயே படிக்கட்டிலிருந்து அவரை இடுப்போடு பிடித்து உருவி, உரமூட்டையைப் போலத் தோளில் போட்டுக்கொண்டு மேற்கே நடந்தான். பஸ்ஸே கைதட்டியது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு வேடிக்கை பார்க்க இறங்கினார்.

"இறக்குலே! ஏலே மூதி, இறக்கு! மூத்தவன்லே நான்!"

"மூத்தவன்தான, அதான் கனக்கீரு! பேசாம வாரும்!"

"புது வேட்டிலே!"

"அதை இறுக்கிப் பிடியும்! காத்து அதுல பிடிச்சு என்னையும் சேத்துத் தள்ளுது!"

எதிர்காற்று. நாலு அடி வைத்தால் மூன்றடி பின்னுக்குத் தள்ளியது. பரமசிவனின் வேட்டி பாய்மரமாக விரிந்து இருவரையும் இராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தது. துரைப்பாண்டி தலையைக் குனிந்து, வழி நெடுக வைதுகொண்டே, அரை மைலை நாலு மைலாக நடந்து கம்பத்தடியில் அவரை இறக்கினான். வள்ளித்தாய் நோட்டையும் பேனாவையும் நீட்டினாள்.

பரமசிவன் வாங்கவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"எழுத மாட்டேன். என்னலே செய்வே? கையைப் பிடிச்சு எழுத வைப்பியா? எழுத வை பாப்போம். கையெழுத்துக் கோணலா இருந்தா ஆபீசர் கேப்பாருலா?"

வெட்டவேண்டும் போலிருந்தது துரைப்பாண்டிக்கு. அரிவாளும் கூரையில் செருகித்தான் இருந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அண்ணன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். பதினெட்டு வருடமாகத் தங்கப்பழத்திடம்கூடக் கேட்காத ஒன்று வாயில் வந்தது.

"எழுதாண்டாம். ஒண்ணே ஒண்ணு சொல்லும். ஒரே வயித்துல பிறந்த எனக்கு எதுக்குவே இந்தப் பொட்டலைத் தள்ளினீரு?"

பரமசிவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு முனகினார். "அய்யா அப்படித்தான் சொன்னாரு."

"என்ன? கேக்கல!"

காற்று அப்படி அடித்தது. இரண்டடி தூரத்தில் இருந்தவன் காதுக்குச் சொல் வந்து சேரவில்லை.

"அய்யா சொன்னாருன்னேன்!"

"யாரு சொன்னா?"

"அய்யாலே! அய்யா... நம்ம அய்யா..."

முனகலாகச் சொல்ல முடிந்த பொய் கத்திச் சொல்லும்போது தொண்டையில் சிக்கியது. செத்துப்போன மனிதர் மேல் பழியை எத்தனை தரம்தான் உரக்கப் போடுவது? பரமசிவன் இருமினார். கண்ணில் மண் விழுந்தது. அவருக்கும் கோபம் வந்தது. தம்பி மேலா, காற்று மேலா, தன் மேலா என்று தெரியாத கோபம். எழுந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்க, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"ஆசைலே! வயல் மேல ஆசை! அய்யா ஆளுக்குப் பாதின்னுதான் சொன்னாரு! உனக்குக் குடுக்க மனசு வரலைலே! ஏமாத்திட்டேன்! போதுமா?"

காற்று மேற்கிலிருந்து கிழக்கே போகிற காற்று. பஸ் நிறுத்தம் கிழக்கே இருந்தது. ஒரு சொல் சிந்தாமல், ஓர் எழுத்து கசங்காமல், அவ்வளவையும் கொண்டுபோய்ப் பஸ்ஸுக்குள் கொட்டியது. கூரைமேல் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். பரமசிவனின் பெண்டாட்டி பார்வதியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

 துரைப்பாண்டியின் பதினெட்டு வருடக் கோபம் ஒரு மொத்தமாக நெஞ்சுவரை வந்து, அங்கேயே நின்றது. குளிர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. இத்தனை நாள் முகவரி தெரியாமல் சுற்றியது, இப்போது வீட்டைக் கண்டுபிடித்துவிட்டது.

பரமசிவன் மூக்கைச் சிந்தினார். "குடுட்டி நோட்டை" என்றார் வள்ளித்தாயிடம். பெட்டிக்குள் குனிந்து எண்ணைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஒரே நாள்லயாலே இவ்வளவு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, எழுதிக் கையெழுத்துப் போட்டார். பஸ் அவருக்காகக் காத்திருக்கவில்லை. தபசுக்கு அவர் நடந்தே போனார். திரும்பி வரும்போதும் நடந்தே வந்தார், பஸ்ஸில் ஏற முகம் இல்லாமல்.

ஆடி முடிகிறவரை ஒரு நாள் தவறாமல் வந்து எழுதினார்.

புரட்டாசி பிறந்து நாலாம் நாள் ஆபீசிலிருந்து காகிதம் வந்தது. பொட்டலைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். குளத்தடி தள்ளுபடி. வள்ளித்தாய் சந்தோஷத்தில் அழுதாள். துரைப்பாண்டி ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு, காகிதத்தை ஒரு தரம் வாசித்துவிட்டுப் புறப்படலாம் என்று வாசித்தான். முதல் வரி முடிவதற்குள் முகம் சிவந்தது.

"'தங்கள் நிலத்தில் காற்றின் வேகம் திருப்திகரமாக உள்ளது.' திருப்திகரமா? எவம்லே எழுதினது? என் காத்து வெறும் திருப்திகரமா? கூரையைப் பிச்சது திருப்திகரம்! சோளத்தைத் தூக்கிட்டுப் போனது திருப்திகரம்!"

"இடம் கெடைச்சுட்டுல்லா? அப்புறம் என்ன?" என்றாள் வள்ளித்தாய்.

"இடம் யாருக்கட்டி வேணும்? அந்த எழுத்தை மாத்தணும்!"

சுத்தியலைப் போட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். டீக்கடையில் பரமசிவன் இருந்தார். தம்பியின் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கி வாசித்தார். அவர் மூக்கும் விடைத்தது.

"திருப்திகரமாம்லா! முப்பது நாளு அதுல நின்னவன் நான். என் குடை போச்சு, துண்டு போச்சு, மானம் போச்சு. கையெழுத்துப் போட்டவன்ட்ட ஒரு வார்த்தை கேக்காண்டாமா? எங்கன இருக்கு அந்த ஆபீசு?"

"திருநவேலியில."

"நட. நானும் வாரேன்."

பஸ் வந்தது. துரைப்பாண்டி முதலில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தான். அண்ணன் பக்கத்தில் வந்து நின்றதும் இருக்கையில் கையை ஊன்றி மறித்தான்.

"அங்கன பின்னால போய் உக்காரும். உம்ம மேல உள்ள கோவம் வேற, அதை இதோட சேக்காதீரும்."

பரமசிவன் பின்னால் போய் உட்கார்ந்தார். அங்கிருந்தபடியே, ஆபீசில் முதலில் யார் கத்துவது என்று தம்பியிடம் சத்தமாகக் கேட்டார்.